மாமாவுக்கு விழுந்த மாலை

சிதம்பரம்
ஆடி மாதம், 1943

பட்டாளத்துல இருக்கற சிரஞ்சீவி உத்திராபதிக்கு அம்மாவோட ஆசீர்வாதம். நடராஜர் புண்ணியத்துல இங்க எல்லாரும் சௌக்கியம், உன் மாமாவைத் தவிர. பயந்துடாதே, உடம்புக்கு ஒண்ணுமில்ல, மானம்தான் போச்சு.

உன் மாமா ராஜசபேசன் இப்ப யுத்தக் கமிட்டித் தலைவர் இல்லியா, போன வாரம் கடலூர்ல மேடை போட்டு முழங்கினார். ஹிட்லர் ஜெயிச்சா நாமெல்லாம் அடிமை, மனுஷனுக்கு மனுஷன் அடிமையே கிடையாது, எல்லார் ஒடம்புலயும் ஒரே ரத்தம், பட்டாளத்துல சேருங்கன்னு அப்படி ஒரு கத்தல். கூட்டம் காட்டணுமேன்னு பண்ணையாள் காத்தவராயனையும் கூட்டிட்டுப் போயிருந்தார். அந்தப் பாவி அத்தனையும் நெசம்னு நம்பிட்டான்! மறுநாள் ஏர் ஓட்ட வரல. கடலூருக்கே திரும்பிப் போய்ப் பட்டாளத்துக்குக் கைநாட்டு வச்சுட்டான். என் ஆளை விடுங்கன்னு கேக்க மாமா ரயிலேறி ஓடினார். வாயைத் தொறக்கறதுக்குள்ள, சொந்தப் பண்ணையாளையே யுத்தத்துக்குக் குடுத்த தியாகின்னு ஆபீசர் அவர் கழுத்துல மாலையைப் போட்டுட்டாராம். வீட்டுக்கு வந்து குதிச்சார் பாரு! நான் சொன்னது ஐரோப்பாக்காரனுக்கு, இவனுக்கா சொன்னேன்னார். லண்டன்ல யுத்தம் நடத்துற பிரதம மந்திரிப் பெரியவரும் எல்லா ஜனத்துக்கும் சுதந்திரம்னுட்டு, அது இந்தியாவுக்கு இல்லன்னுதானே சொன்னாரு, அன்னைக்கு மட்டும் நீங்க ஏன் சோறு வேணாம்னு படுத்தீங்கன்னு கேட்டுட்டேன். அதுலேருந்து அண்ணன் எங்கூடப் பேசறதில்ல. போவட்டும், காதுக்கு நிம்மதி.

அதோட விட்டாரா? புருஷன் வேலையையும் நீயே செய்யின்னு காத்தவராயன் பொண்டாட்டி தைலம்மாளைப் போட்டு வாட்டினார். நான் போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். நம்ம மாட்டுக் கொட்டாயை ஒட்டி இருக்கா. உள்ள வந்து சாப்பிடுன்னா வரமாட்டேங்குறா, நானும் ரெண்டாந்தரம் கூப்பிடல. காத்தவராயனை உங்க பட்டாளத்துக்கே அனுப்பறாங்களாம். நம்ம ஆள்தானே, உத்திராபதி அவனைத் துணி தொவைக்க வச்சுக்கட்டும்னு மாமா ஆளனுப்பிச் சொல்றார். அது நடக்கக் கூடாதுன்னுதான் இந்தக் கடுதாசியே எழுதறேன்.

இதைப் பிரிச்சுப் படிக்கிற சென்சார் அய்யாவுக்கு நமஸ்காரம். நான் திட்டினது என் அண்ணனை. உங்க பெரியவர் ஜாடை அதுல தெரிஞ்சா நான் பொறுப்பில்ல.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தில்லைக் காளி உனக்குத் துணையா இருப்பா. காத்தவராயன் வந்து நின்னா, தைலம்மாள் பத்திரமா இருக்கான்னு மொதல்ல சொல்லு. டேய்னு கூப்பிடாதே. கூட ஒக்காந்து சாப்பிடு. நீ பொறந்தப்ப மாமாவை அப்படியே உரிச்சு வச்சிருக்குன்னு ஊரே சொல்லிச்சு, எனக்குப் பெருமை தாங்கல. அது மூஞ்சியோட நிக்கட்டும்னு இப்ப தினம் காளிக்கு வெளக்கேத்தறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
சிவகாமியம்மாள்