பாதியில் நின்ற அடி

மந்தாரக்குப்பம்,
12.8.2023

அன்புச்செல்வனுக்கு,

உன் அக்கா புருஷன் ராஜ்மோகன் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீயும் கேட்க வேண்டாம். உன்னை ஜெயிலில் போட்டு மூன்று வருஷம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று யோசிப்பாய். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நீ இரும்புக் குழாயால் அடித்த அடியில் இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லை. சுரங்கத்தில் வெடி வைக்கும்போது வூடு ஆடுகிறது, கட்டில் ஆடுகிறது. எனக்கு இடுப்பு வரைக்கும்தான் அது தெரிகிறது. அங்கே நிலக்கரி பெல்ட் ஓடுகிற இடத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்தபோது இரும்பு உருளையை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கிப் போனவன். இன்றைக்கு மூத்திரப் பை நிரம்பினால் காயத்ரி வரும்வரை நனைந்து கிடக்கிறேன். முதுகில் புண் வேறு.

அவள் டவுன்ஷிப்பில் ஒரு கேண்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து என்னைத் துடைக்கிறாள். அவளை நான் எப்படி அடித்தேன் என்று உனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். இதுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டினால்கூடத் தாங்குவேன். மேசையைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டுப் போகிறாள். எதற்கு இந்த உயிரைச் சுமக்க வேண்டும், யாருக்காக என்று கூரை ஓட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்.

நீ ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கிறது. பரோலில் வந்தால் முடித்துக் கொடு. பகலில் அவள் இருக்க மாட்டாள். கதவு சாத்தியிருக்கும், பூட்டு கிடையாது.

இப்படிக்கு,
ராஜ்மோகன்


மத்திய சிறை,
3.9.2023

மாமாவுக்கு,

மாமா என்று எழுதக் கை கூசுகிறது. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. மரியாதை போட்டு எழுத மட்டும் என்னால் முடியாது.

இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். "என்னடா பாதி வேலை? கொத்தனாரா நீ?" என்று வார்டர் கேட்டார். "ஆமாங்க சார், அக்கா வூடு" என்றேன்.

அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். அன்றைக்கு உன்னைக் கொல்ல வரவில்லை. அக்காவின் காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அடித்த கையை உடைக்கத்தான் குழாயை ஓங்கினேன். நீ திரும்பினாய், முதுகில் இறங்கிவிட்டது. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். தூக்கத்தில் இன்னும் கேட்கிறது. அன்றைக்கு எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இன்றைக்கு வருந்துகிறேனா என்றால் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். போன மாசம் எங்கள் பிளாக்கில் வெள்ளைச்சாமி என்று ஒருவர் தூக்கு மாட்டிக்கொண்டார். நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிப்பிடித்து மேலே தூக்கிக்கொண்டு கத்தினேன். ஆள் வரும்வரை விடவில்லை. சாக வந்த மனுஷன் என்ன உதை உதைத்தார் தெரியுமா? முழங்கால் பட்டு என் முன்பல் இரண்டு போய்விட்டது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே பிடித்திருந்தேன். எதற்குப் பிடித்தேன்? அவர் எனக்குச் சொந்தமா, பந்தமா? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும், "ஏன்டா என்னைப் புடிச்ச?" என்று சட்டையைப் பிடித்து அறைந்தார். அறைந்துவிட்டு, "டீ வந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி இதைக் கேட்டு எழுதாதே.

அன்புச்செல்வன்


மந்தாரக்குப்பம்,
29.10.2023

அன்புக்கு,

கேட்டு எழுதாதே என்றாய். கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ செய்ய மாட்டாய் என்று தெரிந்ததும், அவள் கையாலேயே முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோபம் வந்தால் செய்வாள். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். செத்துப்போன உன் அம்மாவை இழுத்தேன். கேண்டீன் மேஸ்திரியோடு அவளைச் சேர்த்துப் பேசினேன். காதில் விழாதவள்போலச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கி முகத்தில் எறிந்தேன். புருவம் கிழிந்து ரத்தம் புடவையில் சொட்டியது.

தொட்டுப் பார்த்தாள். என் தலைக்கடியிலிருந்த தலையணையை உருவி என் முகத்தில் வைத்து, மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, அன்பு. ஆனால் என் கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் முடியைப் பிடித்து இழுத்தேன். தோளைக் கீறினேன். ஒரு வாய் மூச்சுக்காக, அறுக்கப் பிடித்த ஆடு மாதிரி துள்ளினேன்.

அவளாகத்தான் எடுத்தாள். தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"சாவணும் சாவணும்னு கத்திக்கினு இருந்தியே, அப்புறம் எதுக்கு என்னைப் புடிச்சித் தள்ளின?" என்றாள்.

"நீ என் கழுத்தை நெரிக்கும்போதெல்லாம் நானும் இப்படித்தான் தள்ளுனேன். எனக்கும் மூச்சு வேணும்னு அன்னிக்குத் தெரியலையா ஒனக்கு?"

அந்த நிமிஷமே எனக்குப் புத்தி வந்தது என்று எழுதினால் பொய். பயந்து போயிருந்தேன். மூச்சை இழுத்து இழுத்து விடுவதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

காலையில் துணிப்பையோடு கதவருகே நின்றாள். "காடாம்புலியூர்ல முந்திரிக் கம்பெனியில வேலை இருக்குதாம். தங்க எடமும் தராங்களாம். போவட்டுமா?" இரு என்றால் இருந்திருப்பாள். என்னோடு வாழ்ந்து அவளுக்குப் பிடித்த நோய் அது.

"போ" என்றேன்.

பக்கத்து வூட்டுப் பட்டம்மாள் கஞ்சி கொடுக்கிறார்.

ராஜ்மோகன்


மத்திய சிறை,
17.11.2023

மாமாவுக்கு,

அக்கா மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தது. புருவத்தில் தையல். உங்களை இங்கேயே இழுத்துவந்து மிதிக்கலாம் போலிருந்தது. கம்பியில் குத்தினேன், விரல் வீங்கிக் கிடக்கிறது. "வுடுடா, நான் இப்ப நல்லா தூங்கறேன்" என்றது. அந்த வார்த்தையை அதன் வாயில் நான் கேட்டதே இல்லை. அக்காவைப் போகவிட்டீர்கள், அதனால்தான் இந்தக் கடிதத்தில் 'உங்களை' என்று எழுதுகிறேன்.

உங்களைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்? பட்டம்மாளுக்கு அந்த பலம் இருக்காது. புரட்டாவிட்டால் புண் எலும்புக்குப் போய்விடும் என்று இங்கே மருந்து கொடுக்கிறவர் சொல்கிறார். பரோலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைச்சாமி காலைப் பிடித்ததும் பிரியத்தால் இல்லை. பிடித்த பிறகு விட முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்புச்செல்வன்


பெரியாஸ்பத்திரி,
21.1.2024

மாப்ளே,

வந்த நாளிலிருந்து போகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே ஜெயிலுக்குத் திரும்பிவிட்டாய். ஆட்டோ வரைக்கும் தோளில் தூக்கிப் போனாய். என் சீழ் உன் சட்டையெல்லாம் வழிந்தது. நீ மூக்கைப் பொத்தவில்லை.

புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் நேற்று காயத்ரி வந்தாள். நீதான் சொல்லியிருப்பாய். வார்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். நானும் பக்கத்தில் கூப்பிடவில்லை. முந்திரித்தோல் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்.

"வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குது."

"எனக்கும் வலிச்சிது" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி என்று போய்விட்டாள்.

எதற்குப் பிறந்தேன், எதற்கு இத்தனையும் சுமந்தேன் என்று இன்னமும் தெரியவில்லை, மாப்ளே. சாகிற நேரத்தில் விளங்கும் என்பார்கள். எனக்கு விளங்கவில்லை. செய்வதற்கு ஒரு சின்ன வேலை மட்டும் அகப்பட்டிருக்கிறது.

நான் செத்தால் அவளுக்குச் சொல்லி அனுப்பக் கூடாது என்று பட்டம்மாளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீயும் சொல்லாதே. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தெரிந்தால் போதும். மறுபடி பரோல் கிடைத்தால் நீ வந்து கொள்ளி வை. கிடைக்காவிட்டால் சுடுகாட்டு ஆள் வைக்கட்டும். சொன்னால் அவள் வந்துவிடுவாள். என் தலைமாட்டில் உட்கார வைப்பார்கள். எங்கள் வூட்டுப் பெண்கள் சுற்றி நின்று கையைப் பிடித்து வளையலை உடைப்பார்கள். அந்தக் கையில் நான் உடைத்ததே போதும். இது அவளாகக் கடைக்குப் போய், அவளுக்குப் பிடித்த நிறத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டது.

அது அவள் கையிலேயே கிடக்கட்டும்.

உன் மாமா,
ராஜ்மோகன்