தமிழில் கேட்க வேண்டாம், மாமி

என் அருமை மகள் ஸுமைராவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்நிய நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். கொடகவெலையில் விடாத மழை, மேல்தோட்டத்துப் பாதையில் மண் சரிந்து பஸ் பாதிவழியில் நிற்கிறது, உன் மகள் ஸம்ஹா சளியைக் காட்டிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம், வாப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுவேன். இனிச் சொல்லப்போவதைப் போனில் சொல்ல முடியாது, உன் மாப்பிள்ளை ஆஸிக் இதே வீட்டில் இருக்கிறார், நீயும் சத்தம் போட்டு அழுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து வாசி.

இப்றாஹிம் மாமா வீட்டு வலீமா கல்யாண விருந்தில் உன் மாப்பிள்ளை சோற்றைக் கெடுத்ததை உனக்கு யார் யாரோ மசாலா போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். வரவேண்டிய சமையல்காரருக்குக் காய்ச்சல். நம் வீட்டிலேயே ஆமி கோக்கி இருக்கிறாரே, ஒரு படைக்கே ஆக்கிப் போட்டவருக்கு ஐம்பது சஹன் தட்டுச் சோறு பெரிய காரியமா என்று மாமாதான் ஆஸிக்கை இழுத்துக்கொண்டு போனார். ஆமியில் என்ன வேலை என்று கேட்டவருக்கெல்லாம் கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவர் சொன்ன பதில் அதுதானே, குசினியில் இருந்தேன் என்று. போய்ப் பார்த்தால் அந்தப் பெரிய சட்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று மனுஷனுக்குத் தெரியவில்லை. அடி கருகி, மேலே அரிசி அரிசியாக நின்றது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்போது உன் மச்சான் ஸமீம் அவர் தோளில் தட்டி, அப்ப நீங்க கோக்கி இல்ல, எத்தின பேரச் சுட்டீங்க, சொல்லுங்களேன் என்று கேட்டான். ஆஸிக் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மழையில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அதிலிருந்து நம் கடையிலும் சரி வீட்டிலும் சரி வாயே திறப்பதில்லை. நீ போனில் அழுதுகொண்டு சொன்னாய், இத்தனை வருஷமாக என்னிடம் பொய் சொன்ன ஆள், ஆமியில் இருந்த பக்கம் ஒரு குடும்பமே வைத்திருந்தாரோ என்னவோ, உண்மையைக் கேட்டுச் சொல்லுங்க உம்மா, இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்தாலும் அவரோடு வாழ வரமாட்டேன் என்று. சரி, கேட்டேன். எனக்குத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாதே.

ஆஸிக் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து குசினி வாசலில் உட்கார்ந்து கடைக்கு வந்த மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன், மகன், அங்க ஒங்களுக்கு வேற பொஞ்சாதி புள்ள ஈக்காங்களா என்று. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அப்படியென்றால் என்னதான் செய்தீங்க என்றேன். மிளகில் கிடந்த கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். பிறகு, தமிழ்ல கேக்க வாணாம் மாமி, சிங்களத்துல கேளுங்க, சொல்றன் என்றார். பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன், முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து இந்தக் கடையில் சிங்களத்தில் பேரம் பேசி வளர்ந்தவள்தானே நான், சிங்களத்திலேயே கேட்டேன். அவரும் சொன்னார், மேலதிகாரிக்கு ஒப்புவிப்பதுபோல, ஓரிடத்திலும் நிற்காமல்.

அங்கே அவருக்குத் துவக்குப் பிடிக்கிற வேலை அதிகம் இல்லையாம். தமிழ் தெரிந்த ஆள் என்று மொழிபெயர்க்கப் போட்டார்களாம். யுத்தம் முடிகிற நாட்களில் வன்னியிலிருந்து சனம் வெளியே வந்த ஓரிடத்தில் கையில் மைக்கைக் கொடுத்து, புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் மட்டும் இருந்தவர்களும் இந்தப் பக்கம் வாருங்கள், பதிந்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லச் சொன்னார்களாம். அவரும் அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னாராம். சேறு அப்பின சேலையோடு ஒரு தாய், மகனின் கையை விடாமல் கிட்ட வந்து, இவனை விடலாமா என்று கேட்டாளாம். பயப்பட வேண்டாம் அம்மா, ஒன்றும் ஆகாது என்றாராம் இவர். மகள், அதுவரைக்கும் சிங்களத்தில் சொன்னவருக்கு அந்தத் தாய் சொன்ன பதில் மட்டும் சிங்களத்தில் வரவில்லை. தம்பி, நீங்களும் எங்கட பாஷைதானே கதைக்கிறீங்கள், உங்களை நம்பித்தான் விடுறன் என்று அவள் சொன்னபடியே, அவள் குரலிலேயே சொன்னார். பொடியன் பஸ்ஸில் ஏறினானாம், தாய் வேலியோரம் நின்றாளாம், அத்தோடு இவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எல்லாரும் ஆமிக் கதை கேக்குறாங்க மாமி, எனக்கு இந்தக் கதைட முடிவு தெரியா, அவன் வீட்டுக்குப் போனானா இல்லையா, அது தெரியாம நான் என்னத்தச் சொல்ற என்றார்.

இந்த வேலை தெரிந்தால் சிங்கள ஆட்கள் வீரன் என்று தோளில் தட்டுவார்களாம், தோட்டத்து லயத்துத் தமிழ் ஆட்கள் கடைப்படி மிதிக்க மாட்டார்களாம், நம் ஆட்களுக்கு எத்தனை பேரைச் சுட்டாய் என்பது மட்டும்தான் வேண்டும். குசினி என்று சொன்னால் ஒருவரும் மேற்கொண்டு கேட்பதில்லை, அதனால்தான் அந்தப் பொய். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். யோசிக்க வாணாம் மகன், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது என்று சொல்லப் பார்த்தேன், பாதியில் நாக்கு நின்றுவிட்டது. அதைத்தானே அவரும் அந்தத் தாய்க்குச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், அவரும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

வேறு குடும்பம் இருந்திருந்தால் விட்டுத்தள்ளு என்று நானே சொல்லியிருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை. இனி வருவதும் வராததும் உன் யோசனை, ஆனால் பொய்க்காரர் என்று அவரை ஒதுக்காதே. போன் எடுத்தால் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, சாப்பிட்டீங்களா என்று கேள். அவராகச் சொன்னால், எந்தப் பாஷையில் சொன்னாலும், முழுதாகக் கேட்டுக்கொண்டு இரு, இடையில் ஆறுதல் சொல்லப் போகாதே.

அல்லாஹ் உன் உடம்புக்குச் சுகத்தையும் உன் உழைப்புக்குப் பரக்கத்தையும் தந்து, உன் மகளின் முகத்தைக் காண உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவு முடிந்து நீ இருக்கிற குவைத்துக்கே திரும்புகிற மேல்தோட்டத்துப் பிரேமலதாவின் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன், வேறு ஆள் இல்லை. வன்னியில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா, யுத்தம் முடிந்த அந்த வருஷம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இன்னும் திரும்பி வராத மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களின் தாய்மாரோடு இன்றைக்கும் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறாள். பிரேமலதா கடைக்கு வந்தால் ஆஸிக் ஏன் உள்ளே போய்விடுகிறார் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், அவள் முன்னால் பிரிக்காதே. உம்மா என்ன எழுதியிருக்கிறா என்று அவள் கேட்டால், வீட்டில் எல்லாரும் சுகமாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் உம்மா
ஸைனம்பு