முந்திரி மிஷினுக்குப் பச்சைப் பெயிண்ட்

புதன், இரவு

முந்திரி உடைக்கும் பெண்களின் கை தோட்டிலிருந்து கசியும் எண்ணெயில் வெந்து போகிறதென்று என் மகள் செல்வி மூடி போட்ட மிஷின் ஒன்று செய்தாள். குறிஞ்சிப்பாடியில் ஆறு மாதமாக ஓடுகிறது. அரசு உதவி கிடைத்தால் ஊருக்கே செய்து தரலாம். அதைப் பார்க்கத்தான் இன்று கடலூரிலிருந்து அதிகாரி வந்தார்.

பெரிய மனுஷர் வருகிறாரே என்று, நேற்று நான் சிதம்பரத்திலிருந்து பெயிண்ட் வாங்கிப் போய், கறையைச் சுரண்டி, பச்சை அடித்து, குங்குமமும் வைத்தேன். பத்தாவது ஃபெயிலானவன் மூளை அவ்வளவுதான்.

"புத்தம் புதுசா இருக்கே. யாரும் ஓட்டுன மாதிரி தெரியலையேம்மா?" என்றார் அதிகாரி.

"எங்கப்பா நேத்து பெயிண்ட் அடிச்சிட்டாரு சார்."

அவர் நம்பவில்லை. வேலை செய்யும் அஞ்சலை முன்னே வந்து கையை நீட்டினாள்.

"இந்த ஆறு மாசமாத்தான் சார் சோத்தக் கையால பிசைஞ்சி திங்கிறேன். அதுக்கு முன்ன ஸ்பூனுதான்."

அவர் அந்தக் கையையே பார்த்தார். ஃபைலில் ஏதோ எழுதினார். "பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் சிதம்பரம் வரும்வரை செல்வி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இன்னும் தூங்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்கலாம். கேட்கப் போய் அதையும் ஏதாவது கெடுத்துவிடுவேனோ என்று இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.