அத்தான் திருத்திய வெண்பா

1946, ஆடி, திங்கள் இரவு.

பட்டாளத்தில் இருந்தபோது பர்மாவில் நான் சுட்டவனைப் பற்றி ஒரு வெண்பா எழுதியிருந்தேன். இன்று ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த அத்தானிடம் அதைக் காட்டினேன். அவர் தென்காசியில் தமிழ் வாத்தியார்.

"நல்லாருக்கு மாப்ள. 'தண்ணீர் இரந்த பையன்'ங்கிற இடத்துல மட்டும் தளை தட்டுது. 'பகைவன்'னு மாத்திரு, சரியாயிரும்."

"அவன் பையன்தான் அத்தான். மீசைகூட முளைக்கல."

"படிக்கவனுக்கு அது எதுக்கு?" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே எழுதி வாய்விட்டுப் படித்தேன். ஓசை தடங்கலில்லாமல் ஓடியது. மனசும் லேசானது. அப்படி லேசானதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடித்துவிட்டுப் பையன் என்றே எழுதினேன். பாட்டில் அந்தப் பிழை இருந்துவிட்டுப் போகட்டும்.