கழுதையை எடுக்காதே

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சுகம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், நம்பிக்கைதான், நிச்சயம் ஒன்றும் இல்லை. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பாதியில் நீ அழுதுவிடுவாய், நீ அழுதால் நான் கத்திவிடுவேன், நான் கத்தினால் உன் அம்மா போனைப் பிடுங்கி வேறு எதையோ பேசி வைத்துவிடுவாள். காகிதம் குறுக்கே பேசாது. ஆகவே இதைக் கடைசிவரை படி, படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவை ஆஸ்பத்திரி போகும் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் பாவம் அவரவர் கவலையில் வாய் திறக்காமல் சில்லறையை நீட்டுகிறார்களாம், அதட்டுவதற்கு ஓர் ஆள் கிடைப்பதில்லையாம். அந்தக் கணக்கை வீட்டுக்கு வந்து என்னிடம் தீர்த்துக்கொள்கிறாள். கண்டக்டர் பெண்டாட்டி வாய்த்தவனுக்கு இதெல்லாம் சகஜம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குத்தானே தினமும் போய்வருகிறேன் என்கிறாள். உன் அண்ணன் மகளுக்குப் பல் முளைக்கிறது, கையில் அகப்பட்டதை எல்லாம் கடிக்கிறாள், என்னுடைய அளவுநாடாவின் முனையைத் தின்றே விட்டாள், இப்போது நான் யாருக்கு அளவெடுத்தாலும் ஒரு விரல்கடை கழித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் பெரியம்மா போன் செய்து, பெண் பிள்ளை கம்ப்யூட்டரில் பேய் விளையாட்டு செய்கிறாளாமே, கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, நல்லதாக ஒரு பூந்தோட்ட விளையாட்டு செய்யக்கூடாதா என்றாள். பூந்தோட்டத்தில் பாம்பு வரும், பரவாயில்லையா என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

நம் பிறந்தநாள் கூடத்துப் பொம்மைகளைப் பேய்களாக்கி நீ அனுப்பிய விளையாட்டை உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். முதலில் அம்மாதான் உட்கார்ந்தாள். குடித்துவிட்டு வம்பு செய்கிறவனைக் கழுத்தைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கிவிடும் பெண்மணி, உன் வாத்து நடைவழியின் கோடியில் வெறுமனே நின்றதற்கே நாற்காலிமேல் ஏறிவிட்டாள். அது பாடக்கூட ஆரம்பிக்கவில்லை. அப்புறம் நான் உட்கார்ந்தேன். மின்சாரத்தை நிறுத்திய பிறகு கழுதை தலை குனியும்வரை முதுகைக் காட்டக்கூடாது என்று நீ வைத்திருக்கிறாய் பார், அந்த இடத்தில் எல்லோரும் அவசரப்பட்டுத் திரும்பி மாட்டிக்கொள்வார்களாம். நான் அசையவே இல்லை. கூடத்து மேடையில் பாடி ஆடும் அந்த இயந்திரப் பொம்மைகளோடு மாரடிக்கும் எங்கள் எல்லோருக்கும் கை கால்போலப் பழகிய விஷயம் ஆயிற்றே அது. சுவிட்சை அணைத்தாலும் குழாயில் மிச்சக் காற்று இருக்கும், கழுதையின் கை ஒருமுறை தானாக எழும்பி மேளக்குச்சியோடு இறங்கும், அப்புறம்தான் தலை குனியும், அதுவரை நின்று பார்த்துவிட்டுத்தான் யாரும் மேடையைவிட்டு இறங்குவோம். அங்கே தப்பித்தேன். அடுத்த அறையில் அது முதுகைக் காட்டி நின்றது, முதுகுத் தையல் விட்டிருந்தது. பக்கத்தில் போனேன். உன் அண்ணன், "அப்பா, ஓடுங்கப்பா, ஓடுங்க!" என்று கத்துகிறான். "எதுக்குடா ஓடணும், நம்ம கழுதைடா அது, தையல் பிரிஞ்சிருக்கு பாரு" என்றேன். என்னைத் தின்றுவிட்டது. மறுபடி ஆடினேன், மறுபடியும் தையலைப் பார்க்கப் போனேன், மறுபடியும் தின்றது. பிரிந்த தையலைப் பார்த்துவிட்டு ஓடிப்போக எனக்குக் கால் வருமா, நீயே சொல். எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். அது திரும்பியபோது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். நான் தைத்த முகம்தான், ஆனால் நான் பார்க்காத பார்வை. உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கூடத்து முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை உனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவள் வாயில் எது நிற்கும்? பஸ் நிறுத்தம்போல எல்லா இடத்திலும் இறக்கிவிட்டுப் போகிறாள். நீ வெளியிட்ட அந்த முன்னோட்டத்தைப் பிள்ளைகள் எல்லாம் போனில் பார்த்துவிட்டார்கள், பார்த்ததும் செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் நம் கூடத்துக் கழுதைதான் இது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சிலபேர் பிறந்தநாளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். முதலாளி சொன்னார், "உன் பொண்ணு என் கழுதையைப் பேயாக்கிட்டா. அதை எடுக்கச் சொல்லு. இல்லேன்னா நீ வேற இடம் பாத்துக்க." இவ்வளவுதான் நடந்தது. இதைக் கேட்டுவிட்டு நீ அம்மாவிடம், "கழுதையை எடுத்துடறேம்மா, ஓநாய் போட்டுக்கறேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்று சொன்னாயாமே. எனக்கு வந்த ஆத்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியோடு தூக்கி எறிந்தேன், அது திரைச்சீலையில் போய்த் தொங்கியது. ஓநாயா? ஊரில் இருக்கிற எல்லாப் பேய்க் கதையிலும் ஓநாய்தான் இருக்கிறது. உனக்கு வித்தியாசம் தெரியுமே, அது போதாதா?

அவருடைய கழுதை என்கிறாரே, அதையும் சொல்கிறேன். உள்ளே இருக்கும் இரும்பு அவருடையது, காற்றடிக்கும் மோட்டார் அவருடையது, மறுக்கவில்லை. வாங்கிவந்தபோது இருந்த தோல் நீ பிறப்பதற்கு முன்பே நார்நாராய்ப் போய்விட்டது. நம் வீட்டுச் சாம்பல்நிறப் போர்வையை வெட்டி நான் தைத்துப் போட்ட முகம் இது. ஒரு காது தாழ்ந்து தொங்குவது துணி பற்றாமல் போனதால். அந்தச் சிரிப்பு கோணலாக இருப்பது என் கைக்கோணல். சரி, முகம் என்னுடையது என்று வைத்துக்கொள். பயம் யாருடையது? பள்ளிவிட்டு நேரே கூடத்துக்கு வந்து, திரைக்குப் பின்னால் மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நீ. அந்தக் கை தானாக எழும்பியதை முதன்முதலாகப் பார்த்தபோது வீறிட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டாய், கட்டிக்கொண்டபடியே, "இன்னொரு தடவை தூக்கச் சொல்லுப்பா" என்றாய். அந்த நடுக்கத்தை இத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்றி உருவம் கொடுத்திருக்கிறாய். அது உன் சொந்தச் சம்பாத்தியம். எந்த முதலாளிக்கும் அதில் பங்கு கிடையாது.

போன சனிக்கிழமை மதியம் ஒரு பிறந்தநாள். அதற்கு முன்னால் முதலாளி கொஞ்சம் இறங்கிவந்தார். நான் மேடை ஏறி, வந்திருப்பவர்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, என் மகள் தெரியாமல் செய்துவிட்டாள், கழுதையை எடுத்துவிடுவாள் என்று மைக்கில் சொல்லிவிட்டால் பழையபடி வேலைக்கு வரலாம் என்றார். மேடை ஏறுகிறேன் சார் என்றேன். ஏறுவதாகத்தான் சொன்னேன், வேறெதற்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை, அதை அவர் கவனிக்கவில்லை. பிறந்தநாள்காரிக்கு ஆறு வயது இருக்கும், கேக் வெட்ட மாட்டேன் என்று மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள், கழுதை பார்க்கிறதாம். அவள் அண்ணன் உன் முன்னோட்டத்தைக் காட்டித் தொலைத்திருக்கிறான். அந்தக் குழந்தையைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பயமுறுத்துவது வேறு, ஆறு வயதுக்காரியிடம் போய்க் காட்டுவது வேறு. மைக்கைப் பிடித்து அதைத்தான் முதலில் சொன்னேன். "அந்த விளையாட்டு என் பொண்ணு செஞ்சது. பெரிய பிள்ளைங்களுக்குச் செஞ்சது. நல்லாவே பயமா இருக்கும், நானே பயந்தேன். சின்னதுங்க கையில அதைக் குடுக்காதீங்க. மத்தபடி மன்னிப்புக் கேக்கற மாதிரி அவ எதுவும் செய்யலை, நானும் கேக்கப் போறதில்லை." முதலாளி ஓரத்தில் நின்று தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பார்த்தார்.

அதோடு நான் இறங்கியிருக்கலாம். மேசைக்கு அடியில் அந்தக் குழந்தையின் செருப்பு மட்டும் தெரிந்தது, எனக்கு மனசு கேட்கவில்லை. கூடத்தில் இருக்கிற கட்டளை உனக்குத் தெரியும், தோலில்லாத பொம்மையைப் பிள்ளைகள் கண்ணில் காட்டவே கூடாது, துவைக்கக் கழற்றினால்கூடத் திரையை இழுத்துக் குண்டூசி குத்திவிட்டுத்தான் கழற்றுவோம். அந்தக் கழுதையை நான் எல்லோர் எதிரிலும் திருப்பி நிறுத்தி, கழுத்திலிருந்து வால்வரை ஜிப்பைப் பிரித்துத் தோலை உரித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். நம் பம்புக்காரர் இருக்கிறாரே, மோட்டார் பார்க்கிறவர், அவர் முகம் வெளுத்துப்போய், "என்னங்க பண்றீங்க" என்றார். காற்றை விடுங்கள் என்றேன். நல்ல மனுஷர், விட்டுவிட்டார். இரும்புக் கம்பியும் ரப்பர் குழாயுமாக அது மேளம் அடித்தது. இரண்டு வாண்டுகள் ஓவென்று அழுதன, ஒரு தகப்பனார் என்னைத் திட்டிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேசைக்கு அடியில் இருந்தவள் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்து, மேடைவரை வந்து, இவன் சாப்பிட்டால் அது எங்கே போகும் என்று கேட்டாள். எங்கேயும் போகாது, அதனால்தான் எப்போதும் பசி என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சுவிட்சை அணைத்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னேன். கை எழும்பியது, கூடமே மூச்சை இழுத்தது, இறங்கியது, தலை குனிந்தது. "இன்னொரு தடவை" என்று ஒரு குரல். யார் என்று பார்க்கவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது, தோலை மாட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கேக் வெட்டினார்கள். அது முடிந்ததும் முதலாளி அறைக்குள் கூப்பிட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, கூடத்துக் கட்டளையையும் மீறிவிட்டாய், நாளையிலிருந்து வராதே என்றார். கோபத்தில் வார்த்தை தடித்தது, நானும் பதிலுக்குத் தடித்தேன், அதையெல்லாம் எழுதிக் காகிதத்தைக் கறுப்பாக்க வேண்டாம். என் கத்தரிக்கோல், விரலுறை, நான் வாங்கிப்போட்ட மின்விசிறி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது உண்மை, இத்தனை வருஷம் ஏறி இறங்கிய படி. வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மின்விசிறியை வாங்கித் துடைத்துச் சமையலறையில் மாட்டிவிட்டு, நல்ல வேளை, இங்கே வெந்துகொண்டிருந்தேன் என்றாள். வீடு நடக்கும், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். அவள் சம்பளம் இருக்கிறது, பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் ஆள் தேடுகிறார்கள், எனக்கு இன்னும் ஊசி கோக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

ஐயோ, அப்பாவுக்கு என்னால் வேலை போயிற்றே என்று நீ அழ ஆரம்பித்திருப்பாய், தெரியும். அழாதே கழுதை. கோபத்தில் புத்தி கெட்டுச் செய்ததாக நினைக்காதே. மேடைப் படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரியும். அந்த வேலை என் கையில் இருக்கிறவரை அதைக் காட்டி உன்னைப் பணியவைப்பார்கள், நீயும் என் முகத்துக்காகப் பணிவாய், ஓநாயைப் போட்டுவிட்டு வாழ்நாள் முழுதும் வித்தியாசம் தெரியாதவள்போல நடிப்பாய். அப்படி ஒரு சோற்றை நான் தின்னமாட்டேன். இப்போது என்னிடமிருந்து பிடுங்க அவரிடம் எதுவும் இல்லை, எனக்காக நீ விட்டுக்கொடுக்கவும் எதுவும் மிச்சமில்லை. உனக்கிருந்த ஒரே சாக்கையும் நான் தீர்த்துவிட்டேன்.

நன்றாக இரு, நீடூழி வாழ்ந்திரு, நினைத்ததெல்லாம் கைகூடட்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து வேலை செய்யாதே, கண் போய்விடும். ஒன்றை மட்டும் மறக்காதே, சொன்ன தேதியில் வெளியிடு, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, இங்கே நான் வேலை வெட்டி இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத உன் அப்பா