பாசிக்கு ஒட்டிய மஞ்சள் சீட்டு

என் மேல்கட்டில் மகாராணி தனத்துக்கு,

உன் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், மேலே நீ புரண்டு படுக்கிற மாதிரியே இருக்கிறது. ஒரு மாதம் மூத்தவள் என்பதற்காக, “ஏட்டி, அக்கான்னு கூப்பிடு” என்று அங்கிருந்து தலையை நீட்டுவாயே. நான் ஒருநாளாவது கூப்பிட்டேனா?

போன வாரம் ஹாஸ்டலுக்குப் புது வார்டன் வந்தார். பக்கத்துப் பென்னலூர்க்காரர். தண்ணீர்த் தொட்டியின் பின்சுவரில் நீ வளர்த்த பாசியையும், அதற்கு மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாமா இது, பாசிக்குப் போயி சீட்டு ஒட்டிகினு கீறீங்க? யாரு இந்த தனம்? வந்து எடுக்கச் சொல்லு. செவுத்துக்கு பெயின்ட் அடிக்கணும்.”

நீ ஊருக்குப் போயிருக்கிறாய் என்றேன். பொய் இல்லையே? காய்ச்சலோடு தென்காசி பஸ் ஏறினவள்தானே நீ. திரும்பி வரவில்லை என்பதைத்தான் சொல்ல வாய் வரவில்லை.

கம்பெனி லைனில் சந்தேகமான பொருள்மேல் நாம் ஒட்டுகிற ‘ஹோல்டு’ சீட்டு அது. பெயர் எழுதி ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. வேலையை விட்டுப் போகிறவர் இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும். பாசிக்கும் அதே சட்டம்தான் என்றாய். சுவர் தேய்க்கிற அக்காகூடச் சிரித்துக்கொண்டே அந்த இடத்தை விட்டுவிடுவார். ஆனால் நீ யார் பெயருக்கும் மாற்றாமல் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நம் லைன் பெண்கள் எல்லோருமாக ஏற்காடு போனோம், தனம். நீ திட்டம் போட்டு, நம் லீவுகள் ஒத்துவராமலே தள்ளிப்போன அதே பயணம். வேனில் தூங்கிக்கொண்டே போனேன். ஒரகடத்துக் கம்பெனி விளக்குகள் பின்னால் போனது தெரியும். கண் விழித்தால் மூடுபனி. ஜன்னலோர இடத்தை உனக்காக விட்டு உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

தாவரவியல் படித்தவள் நீ. காலேஜ் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த ஈரல்பாசியை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! மத்தியானம்வரை பாறை பாறையாகத் தேடினோம். பஞ்சு மாதிரிப் பாசிகள் நிறைய இருந்தன. அது மட்டும் இல்லை. உனக்கு என்ன சேதி சொல்வது என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது.

ஓடைக்கரையில் நம் சுமதிதான் கத்தினாள். “அடியே, இங்க வாங்கடி! தனம் சொன்ன கிண்ணம்டி!”

ஈரல்பாசியேதான், ஈரப்பாறையோடு தட்டையாக ஒட்டிக்கிடந்தது. சால்டரிங் பார்க்கிற உன் லென்ஸை வைத்துப் பார்த்தேன். முதுகு முழுக்கக் குட்டிக் கிண்ணங்கள், உள்ளே பச்சைப் பொடிகள். மழைத்துளி விழுந்தால் அவை தெறித்து வேறிடத்தில் முளைக்கும் என்பாயே. லென்ஸ் மங்கிவிட்டது. அழுதுவிட்டேன்.

பழக்கதோஷம், சுமதி பையிலிருந்த ஹோல்டு சீட்டை எடுத்துப் பாறையில் ஒட்டிவிட்டாள். அதுதான் வினை. மஞ்சளைப் பார்த்ததும் சுற்றுலா வந்த கூட்டம் கூடிவிட்டது. “பாம்பாங்க?” என்றார் ஒருவர். இன்னொருவர் செல்ஃபி எடுக்க அந்தப் பாறைமேல் காலையே தூக்கி வைத்தார்.

சுமதி பாய்ந்து சீட்டைக் கிழித்தாள். “நாந்தான் ஒட்டுனேன், நானே எடுத்துட்டேன், போதுமா!” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் சீட்டை யார் எடுப்பது?

திரும்பி வந்ததும் நேரே தொட்டிக்குப் பின்னால் போனேன். மழையில் சுவர் நனைந்து பாசி பளபளவென்று இருந்தது. உன் பெயர் வெளுத்துப் போயிருந்தது. அதே எழுத்துகள்மேல் பேனாவை ஓட்டித் தெளிவாக்கிவிட்டு, கீழே என் பெயரை எழுதினேன். பிறகு வார்டனிடம் போய்ச் சொன்னேன்.

“தனம் இறந்துட்டா சார். இனிமே அது என் பேர்ல இருக்கு.”

“செரிம்மா, அந்த எடத்த மட்டும் வுட்டுட்டு அடிக்கச் சொல்றேன்” என்றார்.

நான் இங்கே இருக்கிறவரை அந்தச் சீட்டை எடுக்க மாட்டேன். போகிற நாள் வந்தால், உன்னை மாதிரி விட்டுவிட்டுப் போகாமல், இன்னொருத்தி பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் போவேன், அக்கா.

உன் தங்கச்சி,
கீழ்க்கட்டில் மகேசு