காலி மனைக்குக் காவல் வைத்த போன்

3-3, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். மாசி முடியவில்லை, அதற்குள் இந்தக் காய்ச்சல். பக்கத்துக் காலி மனையில் மறுபடி ஒரு கறுப்புப் பை. நாய் இழுத்துக் கிழித்து நடுப்பாதை வரை பரப்பி வைத்திருக்கிறது. டயாபர். ஊறி, உப்பி, மஞ்சளாக. மேலே ஈ. ஒரு கண்ணால் பார்த்ததோடு சரி, இட்லி இறங்கவில்லை.

ஜவ்வரிசி மில்லில் முப்பது வருடம் ரைட்டர். மரவள்ளிக் கிழங்கு அரைத்த திப்பி புளித்த நாற்றத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன்தான் நான். அது தொழில் நாற்றம். இது மனுஷ நாற்றம், சகிக்கவில்லை.

யார் வேலை என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. மனைக்கு அந்தப் பக்கம் துரைசாமி வீடு. நாலு தறி ஓட்டுகிறார். மகள் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம். இந்தத் தெருவில் கைக்குழந்தை இருப்பது அந்த ஒரு வீட்டில்தான். டீக்கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்டேவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்கூட்ல கொழந்தைக்குத் துணிதானுங்க கட்டறது" என்றார். அவர் வீட்டுக் கொடியில் வரிசையாகப் பீத்துணி காய்வதும் உண்மைதான். அதையும் தினம் நான்தான் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. பகலில் துணி, ராத்திரிக்கு டயாபர், அவ்வளவுதான்.

வார்டு மெம்பரிடம் சொல்லியாயிற்று. ஆதாரம் இருந்தால் அபராதம், வாசலில் நோட்டீஸ் என்றார். ஞாயிறு காலை வருகிறார்.

வேண்டியவை: ஜோதி போன். நீள ஒயர் சார்ஜர். பழைய வாட்டர் கேன். கத்தி.

4-3, புதன்

ஜோதி போன் என்றால் மகன் இரண்டு வருடம் முன் அவன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. மட்ட ரகம், மூலையில் விரிசல். ரீசார்ஜ் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், கொள்ளைக்காரர்கள். வீட்டை விட்டு நகராதவளுக்கு மாதாமாதம் எதற்கு என்று போன புரட்டாசியோடு நிறுத்திவிட்டேன். அதிலிருந்து அது வெறும் பாட்டுப் பெட்டி. அப்பா அறையில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்கு ஐப்பசியில் பக்கவாதம். பின் அறையில் படுக்கை. ஜோதி பார்த்துக்கொள்கிறாள். எனக்கு அந்த வாடை ஆகாது. வாசற்படியோடு சரி.

போனில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத் தொடங்கினால் வேகமாக ஓடும் என்று ஒரு வீடியோவில் எவனோ சொன்னான். அழித்தேன். திறந்தால் பழைய பாஸ்வேர்டு கேட்கிறது. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் ஓடிபி அனுப்புகிறதாம். எந்த நம்பருக்கு? செத்துப்போன அதே நம்பருக்கு. ஒரு மணி நேரம் பாழ். கடைசியில் ஜோதியைக் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள், மகள் பேரும் பிறந்த வருடமும். பிறகு, "போட்டாவெல்லாம் போயிருச்சுங்களா?" என்றாள். மகனிடம் இருக்கும் என்றேன். குமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்த மகள் முன்பு பேசி அனுப்பியதெல்லாம் அதில்தான் இருந்ததாம், அவ்வப்போது போட்டுக் கேட்பாளாம். உள்ளே போய்விட்டாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா.

சிம்மைக் கழற்றியாயிற்று. சிம் இல்லை, அவசர அழைப்பு மட்டும் என்று ஓயாமல் புலம்புகிறது.

5-3, வியாழன்

இரண்டு போனிலும் ஒரே ஆப். அது கேமரா, என்னுடையது பார்க்க. ஏதாவது அசைந்தால் ஒரு நிமிடம் படம் பிடிக்கும், என் போனில் மணி அடிக்கும். சிம் வேண்டாம், ஆனால் வைஃபை வேண்டும். நம் வீட்டில் ஏது? துரைசாமி வீட்டு வைஃபை குளியலறைப் பக்கம் இரண்டு கோடு காட்டுகிறது. மகன் வந்திருந்தபோது ஆபீஸ் வேலைக்கென்று கேட்டு வாங்கிய பாஸ்வேர்டு. போட்டேன், திறந்துகொண்டது. டீக்கடையில் அவ்வளவு பேசியும் மனுஷன் மாற்றவில்லை. அவர் வைஃபையிலேயே அவரைப் பிடிக்கப் போகிறேன் என்றதும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கூச்சமும். கூச்சம் பார்த்தால் நாற்றம் போகுமா?

குளியலறை ஜன்னல் சிலாப்பில் இடம். வெயிலில் பேட்டரி உப்பிவிடும் என்பதால் வாட்டர் கேனைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்தேன். ஜோதி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன்.

"மொகம் தெரியுங்களா?"

பல்லிடுக்கு கூடத் தெரியும் என்றேன்.

மாலை வரை மணி அடித்தது: காக்கை 6. நாய் 4. ஆடு 2. சுவரோரம் நின்று ஒன்றுக்குப் போனவர் 1. தெருவில் எல்லோரும் கும்பிடும் பெரிய மனுஷன், பேரை எழுதினால் இந்த நோட்டு நாறும். சாயங்காலம் எதிரே வந்து, "சௌக்கியங்களா?" என்று கை நீட்டினார். கும்பிட்டு வைத்தேன்.

6-3, வெள்ளி

பத்து முதல் இரண்டு வரை கரண்ட் இல்லை. துரைசாமி ரூட்டரும் செத்தது, காவலும் செத்தது. தறியெல்லாம் நின்று போனதில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது இங்கே கேட்டது. வேர்வை. பனியன் மூன்று. பை எதுவும் விழவில்லை.

7-3, சனி

மூன்றாம் நாளாக மனை சுத்தம். துரைசாமிக்கு மூக்கில் வேர்த்துவிட்டதோ என்னவோ. ஆனால் வாடை இப்போது வீட்டுக்குள்ளேயே. தேடிப் போனால் பின்னால் தண்ணீர் டிரம்முக்குப் பின்புறம் கறுப்புப் பை, ஒன்றின்மேல் ஒன்றாக. அப்பாவுடையது. வந்ததே கோபம். குப்பை வண்டி அடுத்த செவ்வாய்தான் வருமாம். கொல்லையில் ஒரு குழி வெட்டிக் கொடுக்கச் சொல்லிக் கார்த்திகையிலிருந்து கேட்கிறாளாம். குடிக்கிற தண்ணீர்ப் பக்கம் பீயா என்று கத்தினேன். நான் டீக்கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒரு பை இந்த வீட்டில் இருக்கக் கூடாது, எங்கே கொண்டுபோய்ப் போடுவாயோ எனக்குத் தெரியாது என்றேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இப்படித்தான் சொன்னேன், வார்த்தை மாறாமல்.

டீக்கடை, பதினொன்று பத்து. மணி அடித்தது. திறந்தேன்.

ஜோதி. இரண்டு கையிலும் பை. மனையின் நடுவே வந்து, வீசாமல், குனிந்து ஒவ்வொன்றாக வைத்தாள். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். தற்செயலாகப் பட்ட பார்வை இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். படம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.

பெஞ்சில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "யாருங்க மாட்டுனது?" என்றான். ஆடு என்றேன். எதிர்ப் பெஞ்சில் துரைசாமி. தலை நிமிரவில்லை, டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் நீதானா என்றேன்.

"வேற யாருங்க? நேர்ல சொன்னா நீங்க பாக்கறதில்லீங்க. அதுலன்னா உத்து உத்துப் பாக்கறீங்க."

இன்னொன்றும் சொன்னாள். துரைசாமி சம்சாரம் கலாவுக்கு எல்லாம் தெரியுமாம். நாய் இழுத்துப் போட்டதை அந்தப் பெண்தான் பல நாள் கூட்டித் தள்ளியிருக்கிறாள். ஜோதி பேர் வெளியே வரக் கூடாது என்று புருஷனிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியானால் அன்றைக்கு டீக்கடையில் அந்த மனுஷன் எல்லாம் தெரிந்துதான் டம்ளரைக் கீழே வைத்தார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கைக்குழந்தை இடுப்புக்கா அவ்வளவு பெரிய டயாபர்? ஒரு தடவை சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

8-3, ஞாயிறு

படத்தை அழித்துவிட்டால் தீர்ந்தது. மெம்பரிடம் ஒன்றும் சிக்கவில்லை என்று சொல்லிவிடலாம், பழி துரைசாமி மேலேயே காய்ந்து கிடக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை இந்த யோசனைதான். ஒரு தடவை விரலைக் கொண்டுபோய் வைத்தும் ஆயிற்று. இப்படி ஒருவனோடு ஐம்பத்தொன்பது வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

மெம்பர் வந்தார். அவராகவே மதிலோரம் போய்த் துரைசாமியைக் கூப்பிட்டார். கலாவும் குழந்தையோடு வந்து நின்றாள். படத்தைப் போடச் சொன்னார் மெம்பர்.

"படம் வேண்டாங்க. எங்கூட்டுதுதானுங்க. எங்கப்பாவோடது. நாந்தான் எங்கியாச்சும் போடச் சொன்னது. தொரசாமி மேல தப்பில்லீங்க" என்றேன்.

யார் போட்டது, அதைக் காட்டுங்கள் என்றார். காட்டவில்லை. அவள் முகத்தை அவருக்குக் காட்ட மனம் வரவில்லை. அபராதம் என் பேரில். ஆதாரம் ஆதாரம் என்று உயிரை எடுத்துவிட்டு இப்போது இப்படியா என்று அவருக்கும் எரிச்சல், ஞாயிற்றுக்கிழமை கெட்டதில்.

துரைசாமியிடம் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், வரவில்லை. அவர்தான் பேசினார். "மம்பட்டி இருக்குதுங்களா, கொண்டாரட்டுங்களா?" கொண்டுவந்தார். பகல் முழுக்கக் கொல்லையில் குழி, கிணற்றுக்கு எதிர் மூலையில். மனையில் கிடந்த பைகளை நானே தூக்கினேன். ஒன்று கையிலேயே கிழிந்தது. எழுத வேண்டாம்.

9-3, திங்கள்

முதுகு பிடித்துக்கொண்டது. காலை ஐந்தரை. ஜோதி அசந்து தூங்குகிறாள், எழுப்பவில்லை. கையில் பாலித்தீன் பை மாட்டிக்கொண்டு பின் அறைக்குப் போனேன்.

தொடை இரண்டும் கைத்தடி பருமன். முதுகில் ஒரு புண், மருந்து தடவி ஆறிவருகிறது. அப்படி ஒரு புண் இருப்பதே எனக்குத் தெரியாது. நாற்றம் நினைத்தபடிதான், கொஞ்சமும் குறையவில்லை. துடைத்தேன். குமட்டி ஒரு தடவை வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கோணிய வாயால் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"உனக்கெதுக்கு சாமி."

ஐந்து மாதமாகப் பேச்சு வராது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேசுகிறார். நான் வாசற்படியோடு நின்றதில் கேட்கவில்லை.

புதிதை எடுத்து ஒரு வழியாக மாட்டி ஒட்டினேன். ஜோதி எப்போது எழுந்தாளோ, கதவில் நின்றாள்.

"முன்னும் பின்னும் மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள்.

அவிழ்த்தேன்.